சிவபாதத்தாருக்குக் கிடைத்த பாஸ்

"சிவபாதத்தாருக்குப் பாஸ் கிடைச்சிட்டுதாம்" என்று நிலாணி அன்ரி சொன்னது ஞாயிற்றுக்கிழமை, கனடாவின் அஜக்ஸ் நகரத்துத் தமிழ்க் கடையில், நான் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது. அன்ரிக்குச் சொன்னவர் அவருடைய கணவர். சிவபாதத்தார் குடியிருப்பது அவர்கள் வீட்டுப் பேஸ்மென்றில். சனிக்கிழமை பின்னேரம் பின்கதவால் வந்தவர், "அண்ணை, பாஸ் கிடைச்சிட்டுது" என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாராம்.

"ஆர் கேட்டாலும் ஒண்டும் வரேல்லை எண்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிஞ்ச மனுசன். உமக்குத் தெரியாதே தம்பி? நீர்தானே விசாப் போம் நிரப்பினனீர்?"

நான்தான் நிரப்பினேன். தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழியும் படித்தவன் என்று என்னைத் தேடி வருகிறவர்களில் அவரும் ஒருவர். பதினாலு வருடத்துக்கு முன் கப்பலில் வந்தவர். அகதி வழக்கு இழுபட்டு, நிரந்தர வதிவிடம் கிடைக்கவே பத்து வருடத்துக்கு மேல் போய்விட்டது. அதன்பிறகுதான் மனைவி சந்திரவதனாவை ஸ்பொன்சர் செய்ய முடிந்தது. அவர் கிளிநொச்சியில் முன்பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் இல்லை.

போர்க்காலத்தில் வன்னியை விட்டு வவுனியாவுக்குப் போவதென்றால் கையில் ஒரு அனுமதித் துண்டு இருக்க வேண்டும். அதற்குப் பெயர் பாஸ். வவுனியா ஆஸ்பத்திரியில் தகப்பன் கடைசி மூச்சோடு கிடக்க, சந்திரவதனா பாஸுக்காகப் பதினொரு நாள் வரிசையில் நின்றவர். செத்தவீடு முடிந்த மறுநாள் பாஸ் கிடைத்தது. அன்றிலிருந்து அவருக்கு எந்த அனுமதியும் பாஸ்தான். கனடா விசாவையும் அப்படித்தான் சொல்லுவார். கேட்டுக் கேட்டு சிவபாதத்தாருக்கும் அதுவே பழகிவிட்டது. எனக்கும்.

கடை வாசலிலேயே மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன். விண்ணப்பத்தில் கொடுத்திருப்பது என் முகவரி. ஒன்றும் வந்திருக்கவில்லை. போனில் அறிவித்திருப்பார்கள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல், சந்திரவதனாவின் ஒழுங்கையிலேயே இருக்கும் என் அக்காவுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினேன். "அக்கா, சிவபாதம் அண்ணைக்குப் பாஸ் கிடைச்சிட்டுதாம்."

சனிக்கிழமை நடந்தது வேறு.

சிவபாதத்தாருக்கு ஸ்காபரோவில் ஒரு பாண் பக்டறியில் வேலை. அங்கே அடுப்படியில் நிற்கிற மரியோதான் போன கோடையில் அவரை முதன்முதலாக ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனவன். அதுவரை அவர் தூண்டில் தொட்டதில்லை. ஊரில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். போய்ப் பார்த்தவருக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. காரணத்தை ஒருமுறை சொன்னார்: "சனம் என்னைக் கண்டால், ஏதும் வந்ததோ எண்டு கேக்கும். அங்கையும் அதைத்தான் கேக்கினம். ஆனால் அங்கை இல்லையெண்டு சொல்ல நெஞ்சு நோகாது."

முழுக் கோடையும் ஒன்றும் வரவில்லை. மரியோ பகிடி பண்ணுவான்: "சிவா, நீ மீனுக்குச் சாப்பாடு போட வந்தனியோ, மீன் பிடிக்க வந்தனியோ?"

அன்றைக்கு அஜக்ஸில் ஆறு ஏரியோடு சேருகிற இடத்தில், கற்களின்மேல் நின்றார்கள். காற்று குளிராக இருந்தது. மரியோ கோப்பி வாங்கப் போயிருந்தான். தூண்டில் தடி வளைந்தபோது கல்லில் மாட்டிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாராம். கல் பக்கவாட்டில் ஓடியது. றீலைச் சுற்றுவதா, விடுவதா என்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறிச் செய்தார். சப்பாத்தோடு முழங்கால்வரை தண்ணீருக்குள் இறங்கி, கடைசியில் ஜக்கெற்றைக் கழற்றி அதற்குள்தான் மீனை அள்ளியெடுத்தார். வெள்ளிபோன்ற உடம்பு, பக்கத்தில் நீட்டுக்குக் கறுப்புக் கோடுகள். இரண்டு இறாத்தலுக்குக் குறையாது.

கோப்பியோடு வந்த மரியோ கோப்பியைக் கீழே வைத்துவிட்டு அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினான். "ஸ்ரைப்ட் பாஸ். அமெரிக்காவிலை என்ரை மச்சான் கடற்கரையிலை நிண்டு பிடிக்கிற மீன்." அது கடலில் வாழ்வது, எங்கள் ஏரியில் இருப்பது அதன் சின்ன இனமான வெள்ளைப் பாஸ் என்று பிறகு தேடிப் படித்தேன். சிவபாதத்தாரிடம் சொல்லவில்லை. அவருக்கு அது பாஸ். தமிழில் எழுதினால் அந்த மீனுக்கும் அனுமதித் துண்டுக்கும் ஒரே எழுத்து.

புதன்கிழமை, அவர் வேலை முடிந்து வரும் நேரம் பார்த்து லட்டுப் பெட்டியோடு போனேன்.

"என்ன விசேசம் தம்பி?"

"உங்கடை விசேசம்தான் அண்ணை. எனக்குச் சொல்லாமல் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறியள்."

வெட்கத்தோடு சிரித்தார். "அட, உதுக்குப் போய் லட்டோ?"

காலையில் வந்த அக்காவின் குரல்பதிவை நான் இன்னும் கேட்டிருக்கவில்லை. அவரும் கேட்டுச் சந்தோசப்படட்டும் என்று சத்தமாகப் போட்டேன்.

"தம்பி, சந்திரா அக்கா இண்டைக்கு முன்பள்ளி வேலையை விட்டுத் திறப்பைக் குடுத்திட்டா. பிள்ளையளுக்கெல்லாம் ரொபி குடுத்து, அழுது, பெரிய கூத்து. நாளையிலையிருந்து அவவின்ரை இடத்துக்கு வேறை ஒரு பிள்ளை வருது. இரவு பஸ்ஸிலை கொழும்புக்குப் போறா, ஒருநாளிலை புதுப் பாஸ்போட் எடுக்க. அண்ணையிட்டைச் சொல்லிப்போடாதையாம். பாஸ்போட்டைக் கையிலை வச்சுக்கொண்டு தானே சொல்லப் போறாவாம்."

அவர் கையில் இருந்த லட்டு வாய்க்குப் போகவில்லை.

"என்னத்துக்குப் பாஸ்போட்?"

"பாஸ் கிடைச்சிட்டுதெண்டு..."

அவர் எழுந்துபோய்ப் பிறீசரைத் திறந்து, பொலித்தீனில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்து லட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். பனிக்குள்ளால் கறுப்புக் கோடுகள் தெரிந்தன.

"உமக்குக் காட்டவெண்டு வச்சிருந்தனான்."

பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினார், ஒவ்வொரு சொல்லையும் திருப்பிப் பார்க்கிறவர்போல.

"திங்கக்கிழமை பத்தரை பிறேக்கிலை கோல் எடுத்தவ. மெஷின் சத்தம். இஞ்சருங்கோ, பாஸ் கிடைச்சது உண்மையோ எண்டு கேட்டவ. ஓம், சனிக்கிழமை கிடைச்சது, உமக்கு ஆர் சொன்னது எண்டு கேட்டன். அழத் தொடங்கியிட்டா. என்னப்பா, உதுக்குப் போய் அழுகிறீர் எண்டன். பதினாலு வருசமப்பா எண்டா. ஓம், பதினாலு வருசத்திலை முதல் தரம் எண்டு நானும் சொன்னன்." லட்டுப் பெட்டியை மூடினார். "நான்தான் தம்பி சொன்னனான். என்ரை வாயாலை."

"அண்ணை, முதல் சொன்னது நான். அக்காவுக்கு."

அதை அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்து விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். இங்கே பின்னேரம் மூன்றரை. அங்கே இரவு ஒருமணி.

"பஸ் இப்ப புத்தளம் தாண்டியிருக்கும். கொண்டக்டராய் இருந்தனான், தெரியும்."

"விடியச் சொல்லலாமே அண்ணை? இந்த நேரத்திலை, பஸ்ஸுக்கை தனிய..."

"விடிஞ்சால் வரிசையிலை போய் நிண்டிடுவா தம்பி. திரும்பவும் ஒரு வரிசையிலை அவ நிக்கக்கூடாது."

போனை எடுத்துச் சந்திரவதனாவின் இலக்கத்தை அழுத்தி, மேசையில் மீனுக்குப் பக்கத்தில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டார். என்ன சொல்லித் தொடங்குவது என்று என்னைக் கேட்டார். இரண்டு மொழியிலும் எனக்கு ஒன்றும் வரவில்லை. பொலித்தீனில் இருந்து தண்ணீர் சொட்டி மேசை விளிம்புவரை ஓடியது. அவர் அதைத் துடைக்கவில்லை.

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.