சுருள் வராத அலுமினியம்: கும்மிடிப்பூண்டிக்கு ஓர் அவசரப் பயணம்

கும்மிடிப்பூண்டிக்கு யாரும் ஊர் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. நானும் போன வியாழக்கிழமை, செய்த தப்பைத் திருத்தத்தான் ஓடினேன். அங்கே பட்டறைகளில் வேலை கொடுக்கப் போகும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு இது உதவலாம்.

எண்ணெய்க் கிணற்றின் இரும்புக் குழாயைத் துளைக்கச் சிறிய வெடி ஒன்றை உள்ளே இறக்குவார்கள். அதற்குள் ஒரு செம்புக் கூம்பு இருக்கும். லைனர் என்று பெயர். செம்புக்குப் பதிலாக, மோதும்போது தானும் எரியும் உலோகக் கலவையில் அதைச் செய்தால் என்ன ஆகும் என்பதுதான் என் ஆராய்ச்சி. பொடியை அழுத்திச் செய்த நான்கு கட்டிகளைக் கூம்பாகக் கடைந்து தரும்படி திங்களன்று ஒரு பட்டறையில் கொடுத்துவிட்டு வந்தேன். வேலை அட்டையில் ‘உலோகம்’ என்ற கட்டம் கட்டைவிரல் அகலம்தான். சோம்பேறித்தனமாக ‘அலுமினியம்’ என்று எழுதினேன். அது பாதி உண்மை.

மீதிப் பாதி புதன் மாலை டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. அந்தக் கட்டியைக் கடைந்தால் உதிரும் தூள் தீப்பிடிக்கும். கடைபவருக்கு அது தெரியாது. தூளை அலுமினியம் என்று நம்பி ஸ்கிராப் லாரியில் போட்டால் நேராக உருக்கும் உலைக்குப் போகும். பட்டறை முதலாளிக்குப் பத்து முறை போன் அடித்தேன். (பெரியபாளையம் கோயிலில் இருந்தாராம், போன் வண்டியில்.) தொழிலாளர்களின் போன் வேலை நேரத்தில் பெட்டியில் பூட்டியிருக்கும்.

மறுநாள் சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் காலை 6.20 வண்டி. டிக்கெட் பதினைந்து ரூபாய், தூரம் ஏறக்குறைய 48 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். மீஞ்சூர் தாண்டினால் உட்கார இடம் கிடைக்கும். என்னால்தான் உட்கார முடியவில்லை.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ நூறு ரூபாய்.

“இன்னா சார், மூஞ்சியே சரியில்ல? இன்னா பேஜாரு?” என்றார் டிரைவர்.

“சீக்கிரம் போங்கண்ணே. ஒரு மெஷினை நிறுத்தணும்.”

வேகத்தடைகளில்கூட வேகம் குறையவில்லை.

பட்டறையில் என் வேலையை எடுத்திருந்தவர் கிரேஸ் அக்கா. நாற்பது வயதிருக்கும், லேத் ஆபரேட்டர். அவர் மெஷின் ஓடவில்லை. நான்கு கட்டிகளும் மேசைமேல் இருந்தன. அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

“அட்டைல அலுமினியம்னு எழுதிக்கீது. கைல தூக்கினா கனம் வேற மாதிரி கீதே சார்,” என்றார். “செவ்வாக்கெழம ஒரு சின்ன கட் போட்டுப் பாத்தேன். அலுமினியம்னா சுருள் சுருளா வரும். இது பொடியா உதிருது. அப்பவே நிறுத்திட்டேன்.”

“அந்தப் பொடி?”

“ஸ்கிராப் டிரம்ல போடல. காஞ்ச மண்ணு போட்டு மூடி வெளிய வச்சிக்கீறேன். நேத்து ஸ்கிராப் வண்டி வந்துச்சு, குடுக்கல.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி என்பதை எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. லேபுக்குப் போன் செய்தேன். பாதுகாப்பு அலுவலர் வண்டியோடு கிளம்பினார். அந்தக் கட்டிகளை ரயிலில் கொண்டுவரக் கூடாது. அவர் வரும்வரை அக்கா கேன்டீனில் நாஷ்டா வாங்கிக் கொடுத்தார். நான்கு இட்லி முப்பது ரூபாய், என்னைக் கொடுக்க விடவில்லை.

“உங்க லேபுல இத எப்படி சார் சோதிப்பீங்க?”

“நடுவுல ஒரு செவுரு இருக்கும்க்கா. நாங்க இந்தப் பக்கம் நின்னு பட்டன் அமுக்குவோம்.”

இட்லியைப் பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“எனக்கு மட்டும் ஏன் சார் செவுரு வைக்கல?”

கோபமாகக் கேட்கவில்லை. அதனால் இன்னும் சுருக்கென்றது.

மதியம் 1.10 வண்டியில் வெறுங்கையோடு திரும்பினேன். என் வேலை இரண்டு மாதம் தள்ளிப்போகும். அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. கவரைப்பேட்டையில் கண்ணை மூடியவன் பேசின் பிரிட்ஜில்தான் விழித்தேன்.

போகிறவர்களுக்கு: காலை வண்டியில் போங்கள், ஆட்டோவில் ஏறும் முன் கட்டணம் பேசிக்கொள்ளுங்கள், அட்டையில் கட்டம் போதாவிட்டால் தனித்தாளில் எழுதிக் கொடுங்கள். வேலையைக் கொடுத்த கையோடு ஓடி வராமல், முதல் கட் முடியும்வரை ஆபரேட்டர் பக்கத்தில் நில்லுங்கள். நிற்கப் பயமாக இருந்தால் அந்த வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள்.