பிள்ளை அழக்கூடாது என்று கேட்டேன்

சகோதரங்களே, என் பிள்ளையை என்னிடமிருந்து பறித்துவிடுவார்களோ என்று பயந்திருந்த நாட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சபையின் முன்னுக்கு நின்று பேச எனக்கு வராது. எழுதி வாசிக்கிறேன்.

1985இல், கணவர் இறந்த பின், கைக்குழந்தை ஜெனிற்றாவுடன் சுவிற்சர்லாந்தின் சூக் நகருக்கு வந்தேன். யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்தவள் நான். கூட்டி வந்தது தூரத்து உறவான ஒரு தம்பதி. வீட்டு வேலை, சம்பளம் உண்டு என்றார்கள். வந்த அன்றே என் பாஸ்போர்ட்டை, நான் அன்ரி என்று கூப்பிட்ட அந்த மனைவி வாங்கி வைத்துக்கொண்டார். சம்பளம் வரவேயில்லை. வெளியே போகும்போது என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். அதற்குப் பெயர் அடிமைத்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. சோறு போடுகிறவர்களுக்கு நன்றியாக இருக்க வேண்டும் என்றே நினைத்தேன்.

அந்தக் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் கூடாது. ஜெனிற்றா அழுதால் அன்ரி வந்து நிற்பார்.

"கீழ் வீட்டு மனுசி பொலிசுக்குச் சொல்லப் போறா. இன்னொருக்கா அழுதா, பிள்ளையில்லாத ஒரு சனம் கேட்டுக்கொண்டிருக்குது, குடுத்துப்போடுவன். விளங்குதோ?"

"ஓம் அன்ரி."

"ஓம் ஓம் எண்டு தலையாட்டு. பெரிய ரீச்சர், ஒரு பிள்ளையை அமத்தத் தெரியேல்லை."

ஆகவே என் ஜெபம் ஒன்றுதான்: ஆண்டவரே, பிள்ளை அழக்கூடாது. தரை துடைக்கும்போதும் அதையே கேட்டேன்.

மாரிக் குளிரில் ஒரு ஞாயிறு. அவர்கள் பூட்டிவிட்டு ஆராதனைக்குப் போயிருந்தார்கள். ஜெனிற்றாவுக்குக் காது வலி. உடம்பு கொதித்தது. தோளில் போட்டு நடந்தேன். பால் கொடுத்தேன். ஜெபித்தேன். இன்னும் பலமாக அழுதாள். ஆண்டவர் கைவிட்டார் என்று நினைத்தேன்.

கதவு தட்டப்பட்டது. கீழ் வீட்டுப் பெண் ஜெர்மனில் ஏசினார். உள்ளிருந்தபடி ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன். திறக்கச் சொன்னார். வெளியே பூட்டியிருக்கிறது, திறப்பு என்னிடம் இல்லை என்றேன். கதவின் கைப்பிடியைத் திருகிப் பார்த்தார். பிறகு அவரும் ஆங்கிலத்தில், மெதுவாகக் கேட்டார்.

"எப்போதுமே இப்படித்தானா?"

சொல்லலாமோ, கூடாதோ என்று யோசித்தேன். ஆம் என்றேன்.

சண்டை பிடிக்க வந்தவர் பொலிசைக் கூட்டிவந்தார். கதவு திறந்தது. பிள்ளை என் கையிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பாஸ்போர்ட்டும் பிறகு கைக்கு வந்தது.

இப்போது இங்கே துன் நகரில், ஒரு ஹோட்டல் சமையலறையில், சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். பின்வரிசையில் கத்திக்கொண்டு ஓடித் திரிகிறவள் அவள்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்டதை ஆண்டவர் தரவில்லை. அதற்காகவே நன்றி சொல்கிறேன். இன்றும் ஜெபிக்கும்போது, சரியானதைத்தான் கேட்கிறேனோ என்று தெரியாது. ஆனாலும் கேட்கிறேன். என்னைப் போலத் தயங்குகிறவர்கள் இங்கே இருந்தால், நீங்களும் கேளுங்கள். வாயைப் பொத்திக்கொண்டு அழ வேண்டாம்.