தொட்டால் அலறிய பூனை

அந்தக் குட்டியின் முதற்குரல் பூனையின் குரலாகவே இருக்கவில்லை. எண்ணெய் காணாத கதவுப் பிணைச்சல் உராய்வதுபோல, நாங்கள் குடியிருந்த வெக்ஸ்போர்ட் கட்டடத்தின் உடுப்புத் தோய்க்கும் அறையில், மெஷின்களுக்குப் பின்னாலிருந்து கேட்டது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு ஒன்பது வயது. அப்பாவும் நானும் ரொறன்ரோவுக்கு முதலில் வந்துவிட, அம்மா கொழும்பில் ஒரு வாடகை அறையில், கனடா வருவதற்கான "ஸ்பொன்சர்" கடிதத்துக்காகக் காத்திருந்தார். கட்டடத்தைப் பராமரிப்பவர், எங்கள் வாயில் "சுப்பர்", தாய்ப்பூனையை முதல்நாளே பிடித்து மிருகக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார். இந்தக் குட்டி மட்டும் அவர் கண்ணில் படவில்லை. கண் சரியாகத் திறக்காத அதை அப்பா தன் வேலைச்சட்டைக்குள் வைத்து மேலே கொண்டுவந்தார்.

பாடசாலை விட்டு வந்தால், அப்பா தொழிற்சாலையிலிருந்து திரும்பும்வரை வீட்டில் நானும் அதுவும்தான். வளர வளர ஒன்று தெரிந்தது: அதற்கு நோவென்றால் தாங்காது. ரோமத்தைச் சீவினால் அலறும். வாலில் கை முட்டினாலே கட்டிலுக்கடியில் போய் ஒளித்துக்கொள்ளும். நான் நேர்மாறு. உறைபனியில் வழுக்கி மணிக்கட்டு முறிந்த அன்று தனியே நடந்து வீட்டுக்கு வந்து, அப்பா வரும்வரை ரிவி பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ர பிள்ளை அழமாட்டாள்" என்று அப்பா தெரிந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

ஒருமுறை தடுப்பூசிக்காகப் பூனையைக் கொண்டுபோனோம். அப்பாவுக்கு மொழிபெயர்ப்பவள் நான்தான். எத்தனை நாளில் தாயைப் பிரிந்தது என்று கேட்ட மிருக வைத்தியர், நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, வெகு முந்தியே தாயைப் பிரிந்த குட்டிகள் சிலவற்றுக்குச் சின்ன நோவும் பெரிதாகத் தெரியும், வேறு சில நொந்தாலும் காட்டிக்கொள்ளாது என்றார்.

"என்னவாம்?" என்று அப்பா கேட்டார்.

"ஒண்டுமில்லையாம் அப்பா. மெல்லமாத் தொடட்டாம்."

தாய் என்ற சொல்லை விட்டுவிட்டேன். அதைக் கேட்டால் அவருடைய முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

அம்மா வந்து சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மறுநாட் காலை "தலை இழுக்க" என்னை முன்னால் உட்காரவைத்தார். சீப்பு ஒரு சிக்கில் மாட்டியதும், முறிந்த கைக்கு அழாத நான் கத்தி அழுதேன்.

"நான் நோகப்பண்ணேல்லையே பிள்ளை," என்றார் அம்மா, சீப்பைப் பிடித்தபடியே.

அவர் நோகப்பண்ணவில்லைதான். ஆனாலும் நான் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதன்பிறகு என்னைத் தொடுமுன் அம்மா ஒருகணம் தயங்குவார். அந்த வருடமே நான் தலைமயிரைக் கட்டையாக வெட்டிக்கொண்டேன்.

பூனை பதினாலு வயதுவரை இருந்தது. அந்த வைத்தியரின் இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. கட்டடத்தில் எங்களைத் தெரிந்தவர் எவரும் இல்லை. அம்மா வந்த பிறகு பிறந்த என் தங்கைக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. போனமாதம் அம்மாவின் சமையலறையில் மரக்கறி நறுக்கும்போது அவளுக்கு விரல் வெட்டுப்பட்டது. வளர்ந்த பெண், "அம்மா" என்று வீடு அதிரக் கத்தினாள். அம்மா ஓடிவந்து, கொஞ்சமும் தயங்காமல் அந்த விரலைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன், கட்டுவதற்குத் துணியோடு.