நாய்க்கு மட்டும் கேட்ட மிஷின்

கொழிஞ்சாம்பாறை கடைவீதியில் என் மனைவி பெண்களுக்கான பியூட்டி பார்லர் நடத்தினாள். என் தொழில் தென்னந்தோப்பு என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். வெள்ளை ஈ வந்து தோப்பு படுத்த பிறகு, பார்லரில் முடி கூட்டுவதுதான் என் உண்மையான உத்தியோகம். உள்ளே ஆள் இருந்தால் வாசலில் எங்கள் நாயோடு உட்கார்ந்திருப்பேன். இரண்டு பேரில் நாய்தான் வேலையில் ஒழுங்கு.

அவளுக்குப் புற்றுநோய் என்று கோயமுத்தூரில் சொன்னார்கள். மருந்து ஏற ஏற முடி கொட்டியது. திரும்ப முளைத்தபோது முழுக்க வெள்ளை. ஊராரின் நரையையெல்லாம் மறைத்தவள் தலையில் பஞ்சு வெடித்ததுபோல் இருந்தது. மகளுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"பந்தல்ல நின்னா பொண்ணோட அம்மாவான்னு கேக்கோணும். அப்பத்தாவான்னு கேக்கக் கூடாதுங்க" என்றாள்.

அவள் கேட்டது அது ஒன்றுதான். ஆனால் சாய மருந்தின் வாடை பட்டாலே அவளுக்குக் குமட்டும், மண்டைத்தோல் எரியும். அதற்காகத்தான் அந்த அல்ட்ராசோனிக் மிஷினை வாங்கி வந்தேன். பார்ப்பதற்கு முடியை நேராக்கும் அயர்ன்தான். ஆனால் சூடே ஆகாது. இரண்டு தகடுகளும் சத்தமே கேட்காத வேகத்தில் அதிரும். கொஞ்சூண்டு மருந்திலேயே சாயம் முடிக்குள் இறங்கிவிடும். விற்றவன் சொன்னதை, நானே கண்டுபிடித்த மாதிரி அவளுக்கு விளக்கினேன்.

"மனுசக் காதுக்குக் கேக்காத சத்தம், கண்ணு."

"நான் பேசறதும் உங்களுக்கு அப்படித்தானுங்களே."

அதோடு விட்டேனா? ப்ளீச்சும் இதில் போடலாமாம் என்று, அவள் இல்லாத நேரம் பார்த்து என் மிச்ச முடியில் போட்டுப் பார்த்தேன். பட்டனை அமுக்கியதும் வாசலில் நாய் தலையைத் தூக்கி ஊளையிட்டது. நிறுத்தினால் நிறுத்தியது. மறுபடி அமுக்கினால் மறுபடி ஊளை. கடைசியில் என் தலை பழுத்த பாக்கு நிறத்துக்கு வந்திருந்தது. உள்ளே வந்தவள் என்னைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள்.

"அதுக்கு மட்டும் கேக்குதாட்ட இருக்குதுங்க. மிஷினுக்கு அழுவுதா, உங்க மூஞ்சிக்கு அழுவுதான்னுதான் தெரியல."

இருமல் வரும்வரை சிரித்தாள். மகளிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தப் பாக்குத் தலையோடுதான் வடகரப்பதி சொந்தக்காரர் வீடெல்லாம் ஏறி இறங்கிக் கல்யாணத்துக்கு அழைத்தேன்.

அவள் கடையில் ஒரு சட்டம் உண்டு. யார் தலையானாலும் பின்கழுத்தில் ஒரு சின்னக் கற்றையை வெட்டி, சாயம் ஏற்றிப் பார்த்து, மறுநாள்தான் தலையில் கைவைப்பாள். உன் தலைக்குமா என்று கேட்டேன். "என் தலைன்னா மட்டும் முடி வேறயாங்க?" என்றாள். கற்றையை நான் வெட்டினேன், மிஷினை அவளே பிடித்தாள். நாய் வழக்கம்போலப் பாடியது. புளியங்கொட்டை நிறம் வந்தது. அதை ஒரு ஸ்டிக்கர் பொட்டால் கண்ணாடியில் ஒட்டிவைத்து, "நாளைக்குப் போட்டுக்கலாமுங்க" என்றாள்.

மறுநாள் விடியும்போதே காய்ச்சல். கோயமுத்தூருக்குக் கொண்டுபோனோம். உயிரோடு திரும்பவில்லை.

குளிப்பாட்டுவதற்காக ஐஸ் பெட்டியிலிருந்து அவளை வெளியே எடுத்தார்கள். வெள்ளைத் தலையைப் பார்த்தேன். பார்லருக்குப் போய் மிஷினையும் சாயத்தையும் கண்ணாடியில் இருந்த கற்றையையும் எடுத்து வந்தேன். அவளுடைய பெரியம்மா வழி மறித்தார்.

"மஞ்சத்தண்ணி ஊத்திப் பூ வெச்சாப் போதுமுங்க மாப்பிள்ளை. எரியப்போற முடிக்குச் சாயம் எதுக்குங்க? ஊரு சிரிக்கும்."

"ஊரு என் தலையப் பாத்து எப்பவோ சிரிச்சு முடிச்சாச்சுங்க அத்தை."

மகள் வந்து அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க போடுங்கப்பா" என்றாள். வீட்டு முன்னறையில் இருந்தது ஒரே பிளக். ஐஸ் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு மிஷினைச் செருகினேன். கற்றையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் வந்த நிறம் வரும்வரை பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வித்தை.

பட்டனை அமுக்கினேன். வாசலில் நாய் ஊளையிட்டது.

பந்தலில் இருந்த பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். "வாயில்லாத சீவன்! அதுக்குக்கூடத் தெரிஞ்சு போச்சு பாருங்க சாமீ!" பெரியம்மா நாயைப் பார்த்துக் கும்பிட்டே விட்டார். மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இந்தக் கூட்டத்தில் விஷயம் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். மூன்றாவது ஆள் எழுந்து உட்கார்ந்து சிரிக்காததுதான் பாக்கி. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த கற்றைக்கு வகிடு எடுத்தேன்.

கடைசிக் கற்றையும் முடிந்தது. மகள் விரல்களால் கோதிப் பார்த்தாள். புளியங்கொட்டை நிறம்தான். பெண்ணுக்கு அம்மா மாதிரிதான் இருந்தாள்.

மிஷினை அணைத்தேன். நாய் நிறுத்தவில்லை.