சூரியனின் கெடுபிடி

கொட்டாஞ்சேனையில் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்த வாசிகசாலையில், ஞாயிறு பூசை முடிந்ததும் அரை மணி நேரம் நான் விஞ்ஞானம் பேசுவேன். பட்டம் பெற்றவன் அல்ல. ஒருகொடவத்தையில் துறைமுகக் கொள்கலன்களின் இலக்கத்தையும் சீல் இலக்கத்தையும் சரிபார்க்கிற கிளாக் வேலை. மருதானை நடைபாதையில் வாங்கிய பழைய புத்தகங்களை வைத்து நானாகவே படித்தது அவ்வளவும்.

கேட்க வருகிறவர்கள் துறைமுகத் தொழிலாளர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும். முன்வரிசை வாங்கில் எப்போதும் இடியப்பம் அவித்து விற்கும் ஓர் அக்கா இருப்பார். நான் எதைச் சொன்னாலும் கடைசியில் அதை ஒரே வசனத்தில் சுருட்டித் தந்துவிடுவார். எரிமலை பற்றிப் பேசிய நாளில், "மூடி இறுக்கின பானை தம்பி, வேற என்ன" என்றார். அந்த வசனங்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு வசனத்துக்காகத்தான் வாரம் முழுக்கப் படித்தேன்.

தொண்ணூறுகள் தொடங்கியிருந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்த பௌதிக ஆசிரியர் ஒருவர் எங்கள் வாசிகசாலையைக் கேள்விப்பட்டு வந்தார். என் வயதுதான் இருக்கும். வந்த அன்றே எல்லோருக்கும் அவர் மாஸ்டர் ஆகிவிட்டார். ஆறு வருடம் பேசியும் நான் தம்பிதான்.

வாசிகசாலை ஆண்டு விழாவில் ஒரு விஞ்ஞானப் பேச்சு உண்டு. மூன்று வருடமாக அது என்னுடையது. அந்த முறை செயலாளர் என் முகத்தைப் பார்க்காமல், மாஸ்டரும் ஒரு ஞாயிறு பேசட்டும், நீங்களும் பேசுங்கள், அதற்குப் பிறகு பார்ப்போம் என்றார்.

மாஸ்டர் இடி மின்னல் பற்றிப் பேசினார். குரல் உயரவே இல்லை. முடிந்ததும் அக்கா ஒரு வசனம் சொன்னார்; வாங்குகள் எல்லாம் சிரித்தன. என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள். நான் அதை எழுதவில்லை.

என் முறைக்கு, மாஸ்டருக்கே புதிதாக இருக்க வேண்டும் என்று அண்டக் கதிர்களை எடுத்தேன். தொலைதூர நட்சத்திரங்கள் வெடித்துச் சிதறுகிறபோது கிளம்பும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள், இந்த நிமிடமும் பூமிக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவை காற்றில் மோதும்போது தெறிக்கும் துணுக்குகள் எங்கள் உடலுக்குள்ளாலும் போகின்றன என்றேன். சூரியனில் கரும்புள்ளிகள் சுமார் பதினொரு வருடத்துக்கு ஒரு தடவை பெருகும், இப்போது பெருகியிருக்கிற காலம், ஆகவே இந்தக் கதிர்களும் இப்போது கூடுதலாகக் கொட்டுகின்றன என்றும் சொன்னேன். என் புத்தகத்தில் படம் இருந்தது. புள்ளிகளுக்கு ஒரு கோடு, கதிர்களுக்கு ஒரு கோடு. இரண்டும் சேர்ந்து ஏறின, சேர்ந்து இறங்கின.

அக்கா நாடியில் கை வைத்தபடி, "சூரியனுக்குப் புண் வந்தா வலி எங்களுக்கா தம்பி" என்றார். நான் கொப்பியை எடுத்து அங்கேயே எழுதினேன், மாஸ்டர் பார்க்கும்படியாக.

பஸ் நிறுத்தத்தில் மாஸ்டர் என்னோடு வந்து நின்றார்.

"வடிவாச் சொன்னனீங்கள் அண்ணை. ஒண்டு மட்டும் எனக்கு மாறிக் கிடக்கு. சூரியன் குழம்பினா, தூரத்தில இருந்து வாற கதிர் குறையுமெல்லோ?"

"புத்தகத்தில படமே இருக்கு மாஸ்டர். நீங்க படிப்பிச்சது பழசா இருக்கும்."

"இருக்கலாம். வலப்பக்கத்து எண்களை ஒருக்காப் பாருங்கோ."

அவர் பஸ்ஸில் ஏறிவிட்டார். சபையில் ஏன் சொல்லவில்லை? விழா மேடையில் சொல்லி என்னைக் கவிழ்க்கத்தான் பத்திரப்படுத்துகிறார் என்று வீடு வரை முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

புத்தகத்தை விரித்தேன். வலப்பக்க ஓரத்தில், கதிர்க்கோட்டுக்கான எண்கள் மேலே சின்னதாகவும் கீழே பெரியதாகவும் இருந்தன. இரண்டும் எப்படிப் பொருந்துகின்றன என்று காட்ட, அந்தக் கோட்டை வேண்டுமென்றே தலைகீழாகப் போட்டிருந்தார்கள். சீலில் ஓர் இலக்கம் பிசகினால் பெட்டியை வாசலைத் தாண்ட விடாத நான், இதைப் பார்க்காமல் ஒரு மண்டபத்துக்கே பிழையை அனுப்பியிருந்தேன்.

சும்மா இருந்திருக்கலாம். வேறு யாருக்கும் தெரியாது. விசா வந்தால் என் பிழையும் மாஸ்டரோடு விமானம் ஏறிவிடும். ஆனால் புதன்கிழமை தேநீர்க்கடையில் துறைமுகத்து ஆட்கள் இருவர் அக்காவின் அந்தப் புண் வசனத்தைச் சொல்லிச் சிரித்தார்கள். ஒருவர் மற்றவருக்கு, இப்போது கதிர் கூடுதல், தொப்பி போடு என்றார். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அடுத்த ஞாயிறு, விழாப் பேச்சு யாருக்கு என்று செயலாளர் சொல்வதற்கு முன் எழுந்து, போன வாரம் நான் சொன்னது தலைகீழ் என்றேன். பின்வாங்கில் ஒருவர் ஏன் அப்படி என்று கேட்டார். எனக்கு விளக்கத் தெரியவில்லை. மாஸ்டரைப் பார்த்தேன். அந்தப் பார்வைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவர் எழுந்து, சூரியனிலிருந்து எந்நேரமும் ஒரு காற்று வீசுகிறது, அது காந்தப் புலத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது என்றார். சூரியன் குழம்பியிருக்கிற காலத்தில் அந்தப் புலம் பலத்துச் சிக்கலாகி, வெளியிலிருந்து வருகிற துகள்களில் பலவற்றைத் திருப்பிவிடும். அமைதியான காலத்தில் கூடுதலாக உள்ளே வரும். கொழும்பு மாதிரி நிலநடுக்கோட்டுக்கு அண்மையான இடங்களில் பூமியின் காந்தமும் தடுப்பதால் வித்தியாசம் சிறிது. தொப்பி தேவையில்லை.

அக்கா மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"அப்ப சூரியன் செக்பொயின்ற்காரன் மாதிரி, மாஸ்டர். அவன் உசாரா நிண்டா வெளியூர்க்காரன் உள்ள வர ஏலாது. தூங்கி வழிஞ்சா எல்லாரும் வந்துருவாங்க."

அன்று காலை வரும் வழியில் ராணுவச் சோதனையில் அடையாள அட்டையோடு இரண்டு மணி நேரம் மறிக்கப்பட்டிருந்த மாஸ்டர்தான் முதலில் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், வாயால்.

விழாப் பேச்சு அவருக்குப் போனது. மேடையில் அந்த வசனத்தைச் சொல்லி, இது இடியப்பம் அவிக்கும் அக்கா சொன்னது, இதற்கு வழி செய்தவர் பிழையைத் தானே எழுந்து சொன்ன நண்பர் என்று என்னைக் காட்டினார். கை தட்டினார்கள். அவர் மீது குறை சொல்ல ஒன்றுமே விடாமல் செய்துவிட்டாரே என்றுதான் எனக்கு அப்போது எரிந்தது.

அடுத்த மாதம் அவருக்கு விசா வந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் திரும்ப என்னிடம் வந்தன. கொப்பி இன்னும் இருக்கிறது. புண் வசனத்தின் மேல் ஒரு குறுக்குக்கோடு. அதன் கீழே செக்பொயின்ற் வசனம். பக்கத்தில், அடைப்புக்குள், 'மாஸ்டருக்குச் சொன்னது' என்று நானே எழுதியிருக்கிறேன். பலமுறை அழிக்க நினைத்தும் அழிக்கவில்லை.