கம்பி வேலிக்கு இந்தப் பக்கம்

போன வாரம் ஆயர் குரோவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்துத் திடலில் ஒருவர் முதுகில் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு புல் வெட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பச்சை வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு வயது இருபதாகிவிட்டது. முழங்கால் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

இருபது வயதில் நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தேன். மெர்டேக்கா என்கிற சுதந்திரம் கிடைத்த மறு வருஷம். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து ஊரார் பேச்சுக்கு இணைப்புக் கொடுக்கிற வேலை. சாயங்காலம் வெளியே வந்தால் கால் இரண்டும் மரக்கட்டை. ஓட வேண்டும் போலிருக்கும். காஜா பெராங் ரோட்டில் ஒரு பெண் ஓடினால் என்ன நினைப்பார்கள்? ஒன்று நாய் துரத்துகிறது, இல்லை வீட்டைவிட்டு ஓடுகிறாள்.

அதனால் வீடுகளுக்குப் பின்னால், லோங்காங் என்கிற கால்வாய் ஓரமாகப் போன ஒற்றையடிப் பாதையைப் பிடித்தேன். துணைக்கு மீனாச்சி. பெயரைக் கேட்டுத் தமிழில் பேசிவிடாதீர்கள். அவள் செட்டி கம்போங்காரி, தலைமுறைகளுக்கு முன்பே தமிழை மறந்துபோன குடும்பம், பேச்செல்லாம் மலாய்தான். திருநீறு மட்டும் என்னைவிட அழகாகப் பூசுவாள். நான் அண்ணனின் பழைய கால்சட்டையை, எங்கள் பேச்சில் சிலுவார், இடுப்பில் ஊக்குக் குத்தி மாட்டிக்கொண்டு ஓடுவேன். ஓட்டம் என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். வாத்துகளே என்னை முந்தியிருக்கின்றன.

பாதை சும்மா இருந்துவிடுமா? ஒரு மழைக்கே லாலாங் புல் இடுப்புவரை வளர்ந்துவிடும். அந்தப் பக்கம் ஆடு மேய்த்த பாக் மாட், பாராங் கத்தியோடு வந்து வெட்டிக் கொடுத்தார். சைக்கிள் கடை ஆ செங், உடைந்த செங்கல்லைக் கேரியரில் கட்டிவந்து பள்ளங்களில் கொட்டினார். ஞாயிறு காலையில் நானும் மீனாச்சியும் லோங்காங்கில் இறங்கிக் குப்பை அள்ளுவோம். அள்ளாவிட்டால் தண்ணீர் பாதையில் ஏறிவிடும். தலைவர், செயலாளர் என்று எவரும் கிடையாது. மெல்ல மெல்ல ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பதினைந்து பேர் ஓட வந்துவிட்டார்கள்.

நடுவில் ஒரு தென்னந்தோப்பின் ஓரம் வழியாகப் பாதை போனது. தோப்புக்காரர் நம் ஆள்தான். ஒருநாள் போனால் குறுக்கே முள்கம்பி. ஆண்கள் ஓடுவதில் தனக்கு ஆட்சேபனை இல்லை, சிலுவார் போட்ட பெண்கள் தன் தோப்போரம் குதித்துக்கொண்டு போவதுதான் ஆகாது என்றார். அண்ணனிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார். அண்ணன் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் சிலுவாரைத் திருப்பிக் கேட்டான். கொடுத்துவிட்டேன். மறுநாள் பாசார் சந்தையில் எனக்கென்று ஒன்று வாங்கினேன், நீல நிறத்தில்.

பெண்களுக்கு இல்லாத வழி தங்களுக்கும் வேண்டாம் என்று பாக் மாட் சொல்லிவிட்டார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். கம்பியை யாரும் தொடவில்லை. தினமும் அதுவரைக்கும் ஓடி, அதன் முன்னால் நின்று மூச்சு வாங்கி, திரும்பினோம். தோப்புக்காரர் வாசலிலிருந்து பார்ப்பார். பார்க்கட்டும் என்றுதான் நின்றோம்.

கம்பிக்கு அந்தப் பக்கத்து லோங்காங்கை அள்ள மட்டும் எங்களுக்கு வழியில்லை. வருஷக் கடைசி மழை வந்தது. தோப்பில் முழங்கால் அளவு தண்ணீர். புதிதாக நட்ட தென்னங்கன்றுகள் மிதந்தன. நாலாம் நாள் மழை விட்டும் விடாமலும் இருக்க, தோப்புக்காரரே குடையோடு வந்தார். என்னைப் பார்க்காமல் பாக் மாட்டிடம், ஆள்களைக் கூட்டிவந்து லோங்காங்கை அள்ள முடியுமா என்று கேட்டார். பாக் மாட் எங்களைக் காட்டினார்.

"பூக்கா டூலு" என்றாள் மீனாச்சி. முதலில் திற.

அவருக்கு மலாய் புரியாமலில்லை. இருந்தும் என் முகத்தைப் பார்த்தார்.

"கம்பியைப் பிரிங்க ஐயா. நாங்க ஓடுறதை நீங்க நின்னு பாருங்க. அப்புறம் அள்ளுறோம்" என்றேன்.  

குடையை மடக்கினார். பிறகு குறடு எடுத்துவந்து, தன் கையாலேயே முறுக்கை அவிழ்த்தார். நானும் மீனாச்சியும் தண்ணீரில் ஓடினோம். நான் மூன்று இடத்தில் விழுந்தேன், எழுந்து ஓடினேன். சாயங்காலத்துக்குள் அடைப்பு நீங்கியது. அள்ளியவர்களில் என் அண்ணனும் இருந்தான்.

இன்று அந்த இடத்தில் கடை வரிசை நிற்கிறது. லோங்காங்குக்கு சிமெண்டு மூடி. தென்னை ஒன்றுகூட இல்லை. பாக் மாட் காலமாகிவிட்டார். ஆ செங் கடையை மூடி மகனோடு போனார். மீனாச்சி சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டாள். நான் புக்கிட் காதிலுக்குக் குடிபெயர்ந்தேன். கடை கட்ட அளவு நாடாவோடு ஆள்கள் வந்தபோது அங்கே போய் நிற்க ஒருவரும் மிச்சமில்லை. பாதை போனதைப் பொறுத்துக்கொள்வேன். எதிர்ப்பே இல்லாமல் போனதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.