கார்புரேட்டரை மாற்றிவிட்டான் என்று சொன்னேன்

முதல் முறை வண்டி நின்றது அம்பத்தூர் எஸ்டேட் சாலையில், பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே. வீட்டிலிருந்து கிளம்பிப் பதினைந்து நிமிடம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இழுக்கவில்லை. இரண்டு முறை குலுங்கிவிட்டு எஞ்சின் அணைந்துபோனது. பின்னால் வந்த பஸ்காரர் அடித்த ஹாரனில் ஸ்டாப்பில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் வெயிலில் காய்ந்தேன். அதற்கப்புறம் சாவியைத் திருகினால், ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது.

அது அப்பா வாங்கிய வண்டி. கிட்டத்தட்ட என் வயது அதற்கு. கியர் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும். முன்சீட்டு முழுசாக ஒரே பெஞ்சு. எங்கள் மேனாம்பேட்டில் இன்றைக்கும் என்னை யாருக்காவது அடையாளம் சொல்ல வேண்டுமென்றால் அந்த வண்டியைச் சொல்லித்தான் சொல்வார்கள். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ரிட்டயர் ஆகும்வரை நான் பார்த்த வேலை தரப் பரிசோதனை. அடுத்தவன் செய்த பொருளில் குற்றம் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதை இங்கே சொல்லிவைக்கக் காரணம் இருக்கிறது.

அந்த வண்டியில் இருபத்தெட்டு வருடமாகக் கை வைத்தவன் ஒரே ஒருவன். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். சென்னீர்குப்பத்தில் ஹைவே ஓரம் நீலக் கதவு போட்ட ஷெட் வைத்திருக்கிறான். திருப்புளியின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பான். கேட்டுவிட்டு இன்ன இடத்தில் கோளாறு என்பான். அங்கேதான் இருக்கும். என் மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பில் வண்டியை ஓட்டியதும் அவன்தான். என்னை நம்பி என் கையில் கொடுக்க மாட்டேன் என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டான்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வண்டியை அவன் ஷெட்டில் மூன்று நாள் விட்டிருந்தேன். பூஜை முடிந்த வாரமே இந்தக் கோளாறு வந்தது. நேராக அவனிடம்தான் போனேன். பெட்ரோல் ஃபில்டரை மாற்றினான். "ஒண்ணியும் இல்ல மச்சான், தூசி" என்றான். இரண்டு நாளில் மறுபடி நின்றது. பாயின்ட்டைத் தேய்த்து, கண்டென்சரை மாற்றிக் கொடுத்தான். மூன்றாம் முறை, ஆவடியில் ஒரு வளைகாப்புக்கு மனைவியையும் அவள் அக்காக்களையும் ஏற்றிக்கொண்டு போகும்போது நின்றது. பட்டுப்புடவையோடு மூன்று பேரும் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் போனார்கள். அன்றைக்கு எனக்குப் போன மானம் கொஞ்சநஞ்சம் இல்லை.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கென்று போனில் ஒரு குழு உண்டு. அதில் புலம்பினேன். ஒருவர் எழுதினார்: "ஒரிஜினல் கார்புரேட்டருக்கு இப்போது கிராக்கி சார். கழற்றிக்கொண்டு டூப்ளிகேட் போட்டுவிடுகிறார்கள். உங்களுடையது உங்களுடையதுதானா என்று பார்த்தீர்களா?"

போய்ப் பார்த்தேன். பளபள என்றிருந்தது. சுத்தம் செய்தால் பளபளக்காமல் என்ன செய்யும்? ஆனால் அன்று எனக்கு அந்தப் பளபளப்பே போதுமான சாட்சியாக இருந்தது. மூன்று நாள் வண்டி அவனிடம் இருந்தது, வந்ததும் கோளாறு, சரி செய்யவும் தெரியவில்லை என்கிறான். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. வேறு யார் செய்திருந்தாலும் போலீஸுக்குப் போயிருப்பேன். இவன் செய்தான் என்றதும், கூடப் பிறந்தவனே ஏமாற்றியதுபோல் இருந்தது.

மறுநாள் காலை ஷெட் வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கியதும் கேட்டேன்.

"என் கார்புரேட்டர் எங்கடா?"

"இன்னா மச்சான், வண்டிலதான கீது."

"அது என்னுது இல்ல. நீ மாத்திட்ட."

முதலில் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்தினான். "இன்னா பேசினுகீற நீ? நானா?"

"உன்னத் தவிர வேற எவன் கை வச்சான்? இத்தன வருஷமா எத்தன வண்டில கழட்டின? திருடன் மாதிரி பண்ணிட்டியேடா!"

வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நான் குரலைக் குறைக்கவில்லை. அவர்கள் இருந்ததால் கூடுதலாகவே கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். அவன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான். பின்பக்கம் போனபோது மறுபடியும் 'திருடன்' என்று கத்தினேன். வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தான். "எட்த்துனு போ வண்டிய" என்றான். பதிலுக்கு அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். திட்டாமல் விட்டதை நான் ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலையே குழுவில் எழுதினேன். பெயர் போடவில்லை. ஹைவே ஓரம், நீலக் கதவு, ஜாக்கிரதை என்று போட்டேன். யாருக்குப் புரியாது? அவனிடம் வண்டி விட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அந்தக் குழுவில்தான் இருந்தார்கள்.

பூந்தமல்லியில் வேறொரு மெக்கானிக்கைப் பிடித்தேன். இரண்டு மாதம் அவர் மாற்றாத பொருள் இல்லை. காயில், பிளக், பெட்ரோல் பம்ப். கடைசியில் கார்புரேட்டரையும் மாற்றி, பழையதை டிக்கியில் போட்டுக் கொடுத்தார். அப்படியும் பதினைந்து நிமிடத்தில் இழுவை போனது, குலுங்கியது, நின்றது. புதுக் கார்புரேட்டரிலும் அதே கோளாறு என்றால் குற்றம் கார்புரேட்டரில் இல்லை. கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளன்கூட இதைச் சொல்லிவிடுவான். எனக்குத் தோன்றியதோ வேறு: பாவி இன்னும் எதையெல்லாம் கழற்றியிருக்கிறானோ!

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், சென்னீர்குப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால், மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்திருந்த இடத்தில் நின்றது. மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். "பெட்ரோல் இருக்கா பாருங்க சார்" என்றார். என் வண்டியில் பெட்ரோல் முள் வேலை செய்யாது. டேங்கில் குச்சி விட்டுத்தான் அளக்க வேண்டும். அதற்காக மூடியைத் திருகினேன். சைக்கிள் டியூபில் காற்று பிடுங்கினாற்போல 'புஸ்' என்றது. ஆனால் காற்று வெளியே வரவில்லை, உள்ளே போனது. குச்சி பாதிக்கு மேல் நனைந்தது. சும்மா சாவியைத் திருகிப் பார்த்தேன். அரை மணி நேரம் காத்திருக்காமல், அந்த நிமிடமே ஸ்டார்ட் ஆனது.

மூடியைக் கையில் வைத்துப் பார்த்தேன். அதன் நடுவில் குண்டூசி நுழைகிற ஓட்டை ஒன்று உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும்; போகாவிட்டால் பம்ப்பால் பெட்ரோலை உறிஞ்ச முடியாது, எஞ்சின் பட்டினியில் அணைந்துவிடும். அரை மணி நேரம் நின்றால் மூடியின் இடுக்கு வழியே காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகும், மறுபடி ஓடும். அந்த ஓட்டைக்குமேல் ரூபாய் நாணய அளவுக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். காய்ந்து கல்லாகியிருந்தது.

வைத்தது நான். எல்லா வருடமும் ஆயுத பூஜைக்கு வண்டியை அவன் ஷெட்டுக்குக் கொண்டுபோவேன், அவன்தான் பொட்டு வைப்பான். இந்த வருடம் பேரன் வந்திருந்ததால் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். பானெட், ஸ்டீயரிங், நாலு சக்கரம், ஒன்றையும் விடவில்லை. பெட்ரோல் மூடியின் நடுவில் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி வைத்தேன். பூஜைப் பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அதனால் வாராவாரம் வண்டியைத் துடைக்கும்போது அந்த இடத்தை மட்டும் பக்தியோடு விட்டுவிட்டுத் துடைத்துவந்தேன்.

டிக்கியைத் திறந்து பழைய கார்புரேட்டரை எடுத்தேன். அதன் அடிப்பக்கத்தில், எப்போதோ நானே ஸ்பேனரைத் தவறவிட்டு உண்டாக்கிய வடு அப்படியே இருந்தது.

கால் கிலோமீட்டரில் அவன் ஷெட். உள்ளே ஒரு வண்டிகூட இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். மூடியை நீட்டினேன். வாங்கவில்லை.

"தெரியும்" என்றான்.

"என்னடா தெரியும்?"

"அன்னிக்கே பாத்தேன். வண்டிய சுத்தி வந்தன்ல, மூடி மேல சந்தனம் அப்பினு கீது. சொரண்டி உட்றலாம்னுதான் கைய நீட்னேன். அப்போதான் நீ திருடன்ன. கைய இஸ்துகினேன்."

எனக்கு வந்தது வெட்கம் என்று எழுதத்தான் ஆசை. வந்தது கோபம். இரண்டு மாதம்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தெரிந்தே என்னை ரோடு ரோடாக நிற்கவிட்டிருக்கிறான்.

"தெரிஞ்சும் சொல்லாம வுட்டியேடா, நீயெல்லாம் மனுஷனா?" என்று கேட்டேவிட்டேன்.

"இர்பத்தெட்டு வர்சமா உன் வண்டில கை வச்சவன நீ இன்னா சொன்ன?" என்றான். டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். "போ மச்சான். வண்டி இனிமே நிக்காது."

அன்றே குழுவில் நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். சந்தனக் கதைக்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனிடம் திரும்பப் போகிறேன் என்று ஒருவரும் எழுதவில்லை. இரண்டு முறை ஷெட்டுக்குப் போனேன். ஒரு முறை பூட்டியிருந்தது. இன்னொரு முறை என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டான்.

பழைய கார்புரேட்டரை நானே திரும்பப் பொருத்தினேன். வண்டி இப்போது எங்கேயும் நிற்பதில்லை. டியூனிங் மட்டும் கொஞ்சம் தவறியிருக்கிறது. சிக்னலில் நின்றால் உடம்பு முழுக்க நடுங்குகிறது. அதைச் சரிசெய்ய எனக்கு ஒருவனைத்தான் தெரியும்.